குறுக்கே போகாத கூடைக்கா

நம் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. யார் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அவரை எழுப்பக் கூடாது. வாசலில் ஆள் வந்து நின்றாலும் சரி, கேஸ் சிலிண்டர் வந்தாலும் சரி, சாப்பிடுகிறவர் சாப்பிடட்டும். மற்றவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். பின்கட்டில் பூனை பால் குடித்துக்கொண்டிருந்தால் நான் முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். அதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரியும். "இந்தப் பழக்கம் எங்கேர்ந்துப்பா வந்துச்சு?" என்று போன வாரம் சின்னவள் கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன், கரண்ட் போய்விட்டது. சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பத்தாவதோடு நின்றவன். கோவையாக வராது. ஞாபகம் வருகிற வரிசையில் எழுதுகிறேன்.

அந்தப் பழக்கம் ஒரு சாப்பாட்டுக் கூடைக்காரம்மாவிடமிருந்து வந்தது.

எண்பதுகளின் பின்பாதி. நான் பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கல்யாணமாகிப் புதிதாக மேனாம்பேட்டில் குடித்தனம். முதல் ஷிப்டுக்கு இருட்டோடு கிளம்பிவிட வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் அம்மா டீ போடலாம், சோறும் குழம்பும் எப்படி ஆகும்? அதனால் எங்கள் தெருவில் ஆலை வேலைக்குப் போகிற எல்லார் வீட்டுக்கும் நடுக்காலையில் அவர் வருவார். அடுக்குக் கேரியர்களை வாங்கிப் பெரிய மூங்கில் கூடையில் அடுக்கி, சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்து, கூடையைத் தூக்கிவிடச் சொல்லுவார். தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும், இறக்கிவிட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவு கனம். ஏரிக்கரை வழியாக நடந்து, கலங்கலைத் தாண்டி, மதியச் சங்கு ஊதும்போது எங்கள் கேட்டில் நிற்பார். கலங்கல் என்றால் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கட்டியிருக்கும் தாழ்வான கல்சுவர். வெயில் காலத்தில் அதுதான் குறுக்குப் பாதை.

பெயர் தெரியாது. கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் கூடைக்கா. உயரமாக, ஒல்லியாக, கழுத்து மட்டும் ஆடாமல் நடப்பார்.

கேட்டில் நிற்பார் என்று எழுதினேனே, அது பாதி நாள்தான். மீதி நாள் சங்கு ஊதிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கூடை தெரியும். எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி. பசியில் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். தூரத்தில் அவர் தலை தெரிந்ததும் கேலி ஆரம்பிக்கும்.

"இன்னாக்கா, இன்னிக்கு எந்தக் கொக்குக்கு விருந்து?"

"கொக்கு இல்ல நைனா. ஒடம்பு பூரா தண்ணிக்குள்ள வெச்சிக்கினு, பாம்பு மாரி கழுத்த மட்டும் நீட்டிக்கினு வருமே, அது. கரையோரம் ஒரு கெண்டைய குத்திக்கினு ஏறிச்சி. சாப்டுகினு கீது. நான் எப்டி குறுக்க போறது?"

"சுத்திக்கினு போறது!"

"ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் முள்ளு. எங்க சுத்தறது? நீ வந்து சுத்திக் காட்டு."

இதுதான் அவர். வழியில் ஏதாவது பறவை இரை தின்றுகொண்டிருந்தால் குறுக்கே போக மாட்டார். தலையில் அவ்வளவு கனத்தோடு அப்படியே நின்றுவிடுவார். அது தின்று முடித்து, அலகைத் துடைத்து, தானாக நகர்ந்த பிறகுதான் அடுத்த அடி. சும்மா உட்கார்ந்திருக்கிற பறவையாக இருந்தால், "தள்ளு தள்ளு" என்று விரட்டிக்கொண்டே போவார். அதற்கெல்லாம் இரக்கம் கிடையாது. தின்கிற பறவைக்கு மட்டும்தான் நிற்பார்.

நின்றவர் சும்மா நிற்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். நாங்கள் கேரியரைத் திறந்து வட்டமாக உட்கார்ந்ததும் தாமதத்துக்குச் சமாதானமாக அன்றைய கதையைச் சொல்லுவார். அந்தப் பாம்புக் கழுத்துப் பறவை மீனை ஈட்டி மாதிரிக் குத்தும். குத்தினதை அப்படியே விழுங்க முடியாதே, அலகு மீனுக்குள் மாட்டியிருக்கும். அதனால் மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கும். பிடிக்கும்போது மீன் தலை முதலில் உள்ளே போகிற மாதிரிப் பிடிக்கும்.

"ஏன்க்கா தலை மொதல்ல?"

"வால் பக்கம் மொதல்ல போனா செதிலும் முள்ளும் தொண்டையில நிமிந்துக்கும். தலைப்பக்கம் போனா படிஞ்சிக்கினு போவும். நீ கருவாடு திங்கறப்ப யோசிச்சிக்கினா திங்கற? அது யோசிக்குது."

சின்ன வெள்ளைக் கொக்கு இருக்கிறதே, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் செருப்புப் போட்ட மாதிரி. அது ஒரு காலைச் சேற்றில் ஊன்றி, இன்னொரு காலை வெடவெடவென்று ஆட்டும். சேற்றுக்குள் ஒளிந்திருக்கிற பொடிமீன் பயந்து வெளியே ஓடிவரும். கொத்திக்கொள்ளும். "கதவைத் தட்டி வெளிய கூப்டுது நைனா" என்று கூடைக்கா தன் காலை ஆட்டிக் காட்டினார். தலைக்கூடை இல்லாததால் அன்றைக்கு நன்றாகவே ஆட்டினார்.

அலகுக்கு நடுவில் சந்து விட்டிருக்கும் நாரை ஒன்று. வாயை மூடினாலும் மூடாது. நத்தையை அதில் கவ்வி, ஓட்டை நொறுக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் உருவி எடுக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நாள்தான் கேரியர் மாறிப்போயிற்று. முட்டைகூடத் தொடாத எங்கள் சூப்பர்வைசர் மூடியைத் திறந்தால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. எனக்கு வந்தது தயிர்சாதமும் மாவடுவும். சூப்பர்வைசர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேரியரைக் கையை நீட்டித் தூக்கி வந்தார். "யம்மா, இது யாருதுன்னு கேட்டுச் சொல்லுங்க. என் தலையே சுத்துது." கூடைக்கா அலட்டிக்கொள்ளவில்லை. "நத்தை உரிக்கறத பாத்துகினு இருந்தேன் சார், கை மாறிப்போச்சு. இன்னும் வாய் வெக்கலல்ல? அப்ப சரி."

எழுதப் படிக்கத் தெரியாது அவருக்கு. கேரியர்களுக்குப் பெயின்ட்டில் புள்ளி வைத்திருப்பார். ஆனால் ஆளைக் கூப்பிடுவது பறவைப் பெயரில். நாங்கள் சாப்பிடுகிற விதத்தைப் பார்த்து அவரே வைத்தது. மெல்லாமல் விழுங்குகிற ஃபிட்டர் நீர்க்காக்கா. ஒல்லிக் கழுத்தை நீட்டி அடுத்தவன் கேரியரை எட்டிப் பார்த்து, பட்டென்று ஒரு துண்டைக் குத்தி எடுக்கிற என் கூட்டாளி பாம்புத்தாரா. சங்கு ஊதினதும் கூட்டத்திலிருந்து காணாமல் போய், கேரியரோடு வேறு ஒரு மூலையில் தலைகாட்டுகிற நான் முக்குளிப்பான்.

முக்குளிப்பான் என்று வைத்ததற்கு நான் கோபித்துக்கொண்டேன். உள்ளங்கை அளவுப் பறவை, வாலே இல்லாத மாதிரி இருக்கும். கூடைக்கா சமாதானம் சொன்னார்.

"இன்னா நைனா அப்டி சொல்லிட்ட? அது குஞ்சுங்கள முதுவுல ஏத்திக்கினு நீந்தும். பொறந்த குஞ்சுக்கு மொதல்ல இன்னா ஊட்டுது தெரியுமா? மீனுன்னு நெனச்சேன். நின்னு பாத்தேன். தன் நெஞ்சுல இருந்து பூ மாரி ஒரு றெக்கைய புடுங்கி, தண்ணில நனைச்சி, அத ஊட்டுது."

"றெக்கையவா? அத எதுக்கு?"

"எனக்கு இன்னா தெரியும்? மீன் முள்ளு குத்தாம வயித்துல மெத்தை போடுதோ இன்னாவோ."

அப்போது உங்கள் அண்ணன் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தான். தன் நெஞ்சுச் சிறகைப் பிடுங்கிப் பிள்ளைக்கு முதல் வாய் கொடுக்கிற ஒன்று, நான் தினம் வேலைக்குப் போகிற வழியில், அந்தப் பாசித் தண்ணீரில் இருந்திருக்கிறது. நான் அதுவரை அந்த ஏரியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் எங்களுக்குப் புரியாமலேயே இருந்தது. கூடைக்கா சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டோரம் நின்றபடியே இருப்பார். காலிக் கேரியர்களை வாங்கி அடுக்கிக்கொண்டு போய்விடுவார். கேட்டால், "ஊட்டுக்கு போயி பாத்துக்கறேன்" என்பார். அவர் வீடு எது, அங்கே யார் இருக்கிறார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

இனி அந்த மழைக்கால நாளைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் நல்ல மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடத் தொடங்கிவிட்டது. கணுக்கால் அளவுத் தண்ணீரில் கல்லுக்குக் கல் பார்த்துத்தான் தாண்ட வேண்டும். கூடைக்கா தினம் தாமதம். ஒரு நாள் பாதிச் சாப்பாட்டில் சங்கு ஊதிவிட்டது. பாம்புத்தாராவுக்கு வயிற்றில் புண். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் லேத் பக்கத்திலேயே குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வான். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து சைக்கிளில் கேரியர் கொண்டுவருகிற ஆள் ஒருவன் கேட்டில் வந்து பேசினான். மெயின் ரோடு வழியாகச் சங்குக்கு முன்னாலேயே வந்துவிடுவானாம். எங்கள் ஷாப்பு, அதாவது எங்கள் பிரிவின் கேரியர்கள்தான் கூடைக்காவின் கூடையில் முக்கால்வாசி. நாங்கள் போனால் அவர் பிழைப்பு போயிற்று.

வெயில் அடித்த ஒரு மதியம். சங்கு ஊதிற்று. கூடை வரவில்லை. நின்றோம், நின்றோம், வரவில்லை.

பாம்புத்தாரா கேட்டுக் கம்பியை உதறினான். "போதும் மச்சான். நாளையிலேர்ந்து ஷாப்பு மொத்தமும் சைக்கிள்தான். முதுவுக்குப் பின்னால சொல்லக் கூடாது. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, கேரியரையும் வாங்கிக்கினு வருவோம். வா."

அவன், நான், நீர்க்காக்கா மூன்று பேரும் கலங்கல் பக்கம் நடந்தோம். அவன் முன்னால். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று சத்தமாக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். கரைமேட்டில் ஏறினதும் "ஏ யக்கா!" என்று கூப்பிட வாயைத் திறந்தான். "ஏ" என்பதோடு நின்றுவிட்டது.

கலங்கலின் நட்டநடுவில் கூடைக்கா நின்றுகொண்டிருந்தார். புது வெள்ளத்தை எதிர்த்து மீன்கள் ஏறிக்கொண்டிருந்தன. கல்லுக்குக் கல் வெள்ளிக்காசு எறிந்த மாதிரித் துள்ளின. அவர் பாதி தாண்டும்போது மீன் வந்திருக்க வேண்டும். மீனுக்குப் பின்னால் பறவைகள் இறங்கியிருக்க வேண்டும். முன்னால் ஒரு அடி வைத்தாலும் கூட்டம் கலையும், பின்னால் வைத்தாலும் கலையும். கூடையை இறக்கி வைக்கவும் ஆளில்லை. அதனால் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

எத்தனை பறவை என்று கேட்காதீர்கள். அந்தப் பக்கக் கரை வரைக்கும் தண்ணீர் தெரியவில்லை, சிறகுதான் தெரிந்தது. நீர்க்காகங்கள் கறுப்பாகக் கும்பல் கும்பலாக மேல் தண்ணீரில் முழுகி எழுந்தன. ஒன்று முழுகினால் எல்லாம் முழுகின. கலங்கலுக்குக் கீழே மடுவில் கூழைக்கடாக்கள் அரைவட்டமாக வரிசை கட்டி, எல்லாம் ஒரே நேரத்தில் தலையைக் கவிழ்த்து, ஒரே நேரத்தில் தூக்கின. தொங்குகிற தொண்டைப்பையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கரண்டி மாதிரி அலகு வைத்த வெள்ளைப் பறவைகள் தண்ணீரைப் பார்க்கக்கூட இல்லை. அலகை இப்படியும் அப்படியும் அரிவாள் வீசுகிற மாதிரி வீசிக்கொண்டே நடந்தன. பட்டதை மூடிப் பிடித்தன. மேலே இன்னும் வட்டமிட்டு இறங்கிக்கொண்டே இருந்தன.

இதற்கெல்லாம் நடுவில் அவரை ஒரு பறவையும் ஆளாகவே மதிக்கவில்லை. மரக்கட்டை நட்டு வைத்த மாதிரிச் சுற்றிக்கொண்டு மேய்ந்தன. அவர் மெட்டி போட்ட விரலுக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் பாதக் கொக்கு. ஒரு காலை வெடவெடவென்று ஆட்டியது. அவர் கதையில் கேட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். துள்ளின மீன் ஒன்று அவர் கெண்டைக்காலில் அடித்து விழுந்தது. விழுவதற்குள் ஒரு அலகு அதை எடுத்துக்கொண்டது. அவர் அசையவில்லை.

பிறகு, பிள்ளைகளே, நீலமாக ஒன்று வந்து அவர் தலைக்கூடையின் விளிம்பில் உட்கார்ந்தது. மீன்கொத்தி. எங்கள் கேரியர்களின் மேல். தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தது. கல் விழுகிற மாதிரி நேராகத் தண்ணீரில் விழுந்து, ஒரு பொடிமீனோடு ஏறி, மறுபடி அதே விளிம்பில் உட்கார்ந்து, மீனைக் கூடையில் இரண்டு தட்டுத் தட்டி விழுங்கியது.

நீர்க்காக்கா என் தோளைப் பிடித்திருந்தான். அவன் விரல் அழுந்தியது எனக்குப் பிறகுதான் வலித்தது. கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

கூடைக்கா எங்களைப் பார்த்துவிட்டார். கழுத்தைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும் திருப்பினார். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து இமையில் தொங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. கண்ணாலேயே சொன்னார்: அங்கேயே நில்லுங்க.

நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாம்புத்தாராவின் வயிறு சத்தம் போட்டது எனக்குக் கேட்டது. அவன் வயிற்றை அமுக்கிக்கொண்டான், சத்தத்தை அடக்குகிற மாதிரி.

மீன் ஓட்டம் மெல்லக் குறைந்தது. கூழைக்கடாக்கள் முதலில் எழும்பின. கொக்குகள் ஒவ்வொன்றாகக் கரைப் பக்கம் ஒதுங்கின. நீர்க்காகங்கள் கல்லில் ஏறி, சிறகை விரித்துக் காயப்போட்டன. கடைசியில் அந்த மஞ்சள் பாதக் கொக்கு அலகைத் தண்ணீரில் அலசிவிட்டு நகர்ந்தது. அப்புறம்தான் கூடைக்கா அடி எடுத்து வைத்தார். கால் மரத்துப்போய் முதல் அடியிலேயே தடுமாறினார். பாம்புத்தாரா தண்ணீரில் இறங்கி ஓடிக் கூடையைத் தாங்கினான். நாங்களும் ஓடினோம். கரைக்குக் கொண்டுவந்து இறக்கினோம்.

அவன் பேசுவதற்குள் அவரே பேசினார். "தப்பு எம்மேல தான் நைனா. பசியோட வெச்சிட்டேன். சைக்கிள் ஆளு கேட்டுகினு கீறான்னு எனக்கும் தெரியும். அவன்கிட்டயே குடுத்துடுங்க. வயித்துப் புண்ணுக்காரன் நீ, நேரத்துக்குச் சாப்புடணும்."

பாம்புத்தாரா ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ. "ஏன்க்கா, ஒரு அடி வெச்சா பறந்துடும். அப்பால திரும்பி வந்து திங்கப்போவுது. அதுக்கா இப்டி நின்ன?" என்று மட்டும் கேட்டான்.

கூடைக்கா சும்மாட்டுத் துணியைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாங்க கூலிக்கு நாத்து நட்டவங்க நைனா. இப்ப உங்க ஃபேக்டரிங்க நிக்கறது எல்லாம் அப்ப கழனி. கரையில குந்தி கஞ்சிக் கலயத்த வாயில வெப்போம். மடை தொறந்தாச்சின்னு குரல் வரும். அப்டியே வெச்சிட்டு எழுந்து ஓடணும். எங்கம்மா, நானு, எல்லாந்தான். திரும்பி வந்து குடிக்கலாம், யாரும் வேணாங்கல. ஆனா அது வேற கஞ்சி. ஆறிப் போயி, எறும்பு ஏறி..." துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சின்ன வயசுல ஒரு நாளும் ஒரே மூச்சா சாப்ட்டதா ஞாபகமே இல்ல எனக்கு."

அவ்வளவுதான் சொன்னார். அழவெல்லாம் இல்லை. கேரியர்களை எடுத்து எங்கள் கையில் கொடுக்கத் தொடங்கினார்.

"நீ சாப்ட்டியாக்கா?" என்றான் பாம்புத்தாரா.

"ஊட்டுக்குப் போயி..."

"ஊட்டக் கேக்கல. இப்ப சாப்ட்டியா?"

அவன் தன் கேரியரைத் திறந்தான். கரையிலேயே அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தான். மூடியில் சோற்றைக் கொட்டிக் குழம்பை ஊற்றினான். நான் உங்கள் அம்மா வைத்த முட்டையை அதில் வைத்தேன். நீர்க்காக்கா பொரியலைத் தள்ளினான். "நாளைக்கு நீ எப்ப வரியோ வா. தண்ணி வடியற வரைக்கும் நாங்க இங்க வந்து குந்திக்கறோம். ஷாப்புக்கு நான் சொல்லிக்கறேன். கூடைய இறக்க ஆளு வேணும்ல?" என்றான் பாம்புத்தாரா. என் பக்கம் திரும்பி, "நீ இன்னா முழிக்கற? சைக்கிள்காரனுக்கு நீதான் போய்ச் சொல்ற" என்றான்.

அவர் முதல் வாயை எடுக்கும்போது ஆலைச் சங்கு ஊதியது.

கூடைக்காவின் கை நின்றது. பாதி எழுந்தேவிட்டார். "கூப்புடறாங்க நைனா, ஓடுங்க, ஓடுங்க."

"உக்காருக்கா."

"சூப்பர்வைசரு திட்டுவாரு..."

"திட்டட்டும். அவரு கருவாட்டு வாசனைக்கே தலை சுத்தினவரு. நீ உக்காரு. சாப்புடு."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கேட்டிலிருந்து எங்களைத் தேடி ஹெல்பர் ஒருவன் கரைமேல் கத்திக்கொண்டே ஓடிவந்தான். பாம்புத்தாரா கையை நீட்டி அவனைத் தூரத்திலேயே நிறுத்தினான். "கத்தாத. அக்கா சாப்புடுது. அங்கியே நில்லு." என்ன ஏதென்று தெரியாமல் அவனும் நின்றான்.

"மச்சான்," என்று என் காதில் கேட்டான் பாம்புத்தாரா, "நமக்கெல்லாம் பேரு வெச்சிச்சே, அது எந்தப் பறவ மாரி சாப்புடுது?"

பார்த்தேன். நாணலிலிருந்து வெளியே வருமே கானாங்கோழி, வெள்ளை நெஞ்சு, ஒரு கொத்துக் கொத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும், ஓடத் தயாராக இன்னொரு கொத்து, மறுபடி நிமிரும். அப்படித்தான் சாப்பிட்டார். ஒரு வாய் வைப்பார். நிமிர்ந்து கரையைப் பார்ப்பார், யாராவது கூப்பிடுகிறார்களா என்று. இன்னொரு வாய், மறுபடி நிமிர்வார். நாங்கள் நான்கு பேரும் அசையாமல் நின்றோம். பின்னால் கலங்கல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நீர்க்காகங்களின் சிறகு காய்ந்துகொண்டிருந்தது.

மூடியில் சோறு பாதிக்கு மேல் குறைந்த பிறகுதான் நான் கவனித்தேன். அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே அடுத்த வாயை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். கடைசிப் பருக்கை வரைக்கும் நிமிரவே இல்லை.